சுறாவை நிறுத்தும் பிரேக்

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிள் வைத்திருப்பவனுக்கு ஒரு நோய் உண்டு. வண்டி ஒழுங்காக ஓடினாலும் அவனுக்கு நிம்மதி இராது. எதையாவது கழற்றுவான், எதையாவது மாட்டுவான். தொண்ணூறுகளின் கடைசியில், பாம்பனை அடுத்த அக்காள்மடத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது, எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதிச் செய்தியாளன். கொடைக்கானலிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், கியர் வைத்த தன் பழைய சைக்கிளை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். சீட்டை மாற்றினேன், ஹேண்டில்பாரை மாற்றினேன், பின்னால் கேரியர் வைத்தேன். (இது குதிரைக்குக் கொம்பு வைக்கிற வேலை என்றார் வெல்டிங்காரர். வைத்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.) எங்கள் கரையில் ஏறுவதற்கு இருந்த ஒரே மலை பாம்பன் பாலம்தான். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். சின்னக் கியரில் அதில் ஏறும் சுகத்துக்காகவே தினமும் மாலையில் போவேன்.

உப்புக் காற்று பிரேக் கேபிள்களைத் தின்றுவிட்டது. பக்கத்துக் கடைகளில் சாதாரண சைக்கிளின் கம்பி பிரேக்குக்குத்தான் சாமான் இருந்தது. மதுரைக்குப் போய்வரும்வரை பொறுக்க எனக்கு மனமில்லை. கரையில், சுறாவுக்குப் போடும் தடித்த தூண்டில் நரம்பைப் பார்த்தேன். நைலான், துருப்பிடிக்காது. ஆள் நீளச் சுறாவை நிறுத்துவது ஒரு சைக்கிளை நிறுத்தாதா? இரண்டு பிரேக்குக்கும் அதையே கோத்தேன். தெருவில் ஓட்டிப் பார்த்தேன். நின்றது. (தெரு முழுக்க மணல். பிரேக் இல்லாமலும் நின்றிருக்கும்.)

அந்த வாரம் கடலாடிப் பக்கமிருந்து என் மாமனார் வந்தார். மிளகாய் விவசாயி. பஸ்ஸில் கடந்தது போதவில்லை, பாலத்து உச்சியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்றார். நான் சைக்கிளை எடுத்தேன்.

"எங்கய்யாவ ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு மூட்டை மிளகாய ஏத்திப் பாருங்க" என்றாள் என் மனைவி பாண்டியம்மாள்.

"சுறாவையே நிறுத்துற நரம்பு இது" என்றேன்.

ஏற்றத்தில் வண்டி அவரையும் சேர்த்து இழுத்தது. மாமனார் அசந்துபோனார். உச்சியில் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆசை தீரக் கடலைப் பார்த்தார். பிறகு வீட்டை நோக்கி இறங்கினோம்.

வேகம் கூடியதும் பிரேக்கைப் பிடித்தேன். பிடி ஹேண்டில்பாரைத் தொட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. மறுபடி பிடித்தேன். அப்போதுதான் விளங்கியது: சுறா வெட்டி இழுக்கும்போது அறுந்துபோகாமல் இருக்க, அந்த நரம்பு நீண்டு கொடுக்கும். அதே நற்குணத்தை என்னிடமும் காட்டிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. காற்று எங்களைக் கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளியது. சுவருக்கு அந்தப் பக்கம், வெகு கீழே, பச்சையாகத் தண்ணீர்.

"மாப்ள, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"மெதுவாத்தான் போறேன், மாமா."

காலைத் தரையில் தேய்த்தேன். ஒரு செருப்பு பின்னால் தங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணுக்கு வருது. இங்கனயே நிறுத்துங்க."

மறுகாலையும் தேய்த்தேன். அவர் பின்னாலிருந்து எட்டி என் வெறுங்காலைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

'கட்டுப்பாட்டை இழந்து' என்று எத்தனையோ விபத்துச் செய்திகளில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தைக்குள் இவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாது. தலைப்புகூட வந்துவிட்டது: பாம்பன் பாலத்தில் மாமனார், மருமகன் பலி. விளம்பரம் அதிகமிருந்தால் உள்பக்கத்தில் போடுவார்கள். பாண்டியம்மாளிடம் யார் போய்ச் சொல்வது என்பதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

பஸ் உரசாமல் போனது. மாமனார் என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றி, மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோலப் பின்னால் இழுத்தார். "ஓவ்... ஓவ்" என்று வண்டிமாட்டுக்குக் கொடுக்கும் சத்தமும் கொடுத்தார். மாடாக இருந்திருந்தால் நின்றிருப்பேன்.

பாலம் முடிந்த இடத்தில், சாலையோரம் வலையைக் குவித்துவைத்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். கத்தினேன். அவர்கள் சிதறி ஓடினார்கள். நேராகக் குவியலுக்குள் விட்டேன். வலை எங்கள் இருவரையும் சைக்கிளோடு சுருட்டி வாங்கிக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது மாமனார் என் மேல் கிடந்தார், முழுசாக. வலைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னார்: "ரெண்டு உருப்படி. பெருசு உசுரோடதான் இருக்கு."

மாமனார் வீடுவரை நடந்தே வந்தார். மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாப்ள நல்லாத்தான் ஓட்டுறாரு. நிறுத்துறதுக்குத்தான் ஒரு வலை வேணும்."

மதுரைக்குப் போய் நிஜக் கேபிள் வாங்கி மாட்டினேன். அதன் பிறகு ஃபிரேமைத் தவிர அந்தச் சைக்கிளில் எல்லாமே மாறிவிட்டது. பாலத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. (இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன்.)

சில வருடம் கழித்து என் மனைவியின் தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பையனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது என்று பையன் வீட்டார் அடுக்கினார்கள். மாமனார் அசையவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். சைக்கிள் வச்சிருக்காரா?"

இல்லை, பைக்தான் என்றார்கள்.

"அதுக்குப் பிரேக்கு கம்பெனி போட்டதுதானா, இல்ல மாப்ள மாத்துனதா?"

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டார் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன். அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளையைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி உண்டு. நானும் தவறாமல் தட்டைப் பார்க்கிறேன்.