எண்ணெயில்லாத கேரட்

நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ஏறப்போகும் பெண்மணிக்காக ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். பெண்மணி அசையவில்லை.

"ஏறுங்கம்மா, நேரமாகுது."

அப்போதும் அசையவில்லை. பார்த்தால் நல்ல குடும்பத்துப் பெண்ணாகத் தெரிந்ததால் ஹாரன் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

கண்டக்டர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அதுக்குத் தலையே இல்லண்ணே!"

துணிக்கடைக்காரர் வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மை அது. பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. தினமும் அதே பஸ்ஸில், ஓட்டுநருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் அவருடைய மனைவியும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விஷயம் காதுக்கு எட்டியபோது டிப்போ மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் கண் பரிசோதனை. தேறலைன்னா வண்டியை விட்டு இறங்கி டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காருங்க."

வீட்டில் டிவி ரிமோட்கூட ஓட்டுநர் கைக்கு வந்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் மனிதருக்கு ஒரு கெத்து. அதிலும் காலையில் அந்த அரைமணி நேரம், அவர் திருப்பும் பக்கமெல்லாம் மனைவி மறுபேச்சில்லாமல் வந்தாக வேண்டும். உலகத்தில் வேறு எங்கும் அவருக்குக் கிடைக்காத மரியாதை.

மனைவிக்கு மருத்துவமனையில், எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று தீர்மானிக்கும் வேலை. அவளிடமே கேட்டார்.

"கண்ணுக்கு என்ன சாப்பிடணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வைட்டமின் ஏ. கேரட் சாப்பிடுங்க. பச்சையா. எண்ணெய், வெண்ணெய் ஒரு சொட்டுகூட ஆகாது."

"ருசிக்காவது கொஞ்சம்..."

"கண்ணு வேணுமா, ருசி வேணுமா?"

ஓட்டுநர் கேரட்டைக் கடிக்கத் தொடங்கினார். சிக்னலுக்கு சிக்னல் கடித்தார். அந்த நறநறச் சத்தத்தைக் கேட்டுக் கண்டக்டர், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டார். தாடை வலித்ததே தவிர, பார்வை கூடியதாகத் தெரியவில்லை.

மச்சானிடம் போனார். மனைவியின் தம்பி, உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன்.

"பச்சையாவா? கிழிஞ்சுது போங்க மாமா! அது கொழுப்புல கரையற சத்து. கூடக் கொஞ்சம் கொழுப்பு போகலைன்னா உடம்பு அதைச் சரியா எடுத்துக்காது. வெண்ணெயில வதக்கிச் சாப்பிடுங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்டா?"

"அவ சொன்னதுக்கு மேல நான் ஒண்ணு சொன்னேன்னு தெரிஞ்சா என்னை வதக்கிடுவா."

'கொஞ்சம்' என்பது ஓட்டுநருக்கு என்றுமே பிடிபடாத அளவு. வீட்டில் பச்சைக் கேரட், மச்சான் கூடத்தில் வெண்ணெயில் மிதக்கும் கேரட் என்று இரண்டு ஷிப்ட் ஓட்டினார். சில வாரங்களில் உள்ளங்கை மஞ்சளானது. பிறகு மூக்கு. பிறகு, மறைக்க வழியில்லாமல், முகம் முழுக்க.

"அண்ணே, இனிமே ஹெட்லைட் எதுக்கு? நீங்க கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு உக்காந்தாப் போதும்" என்றார் கண்டக்டர்.

தண்ணீர் குடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஓட்டுநர் பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். தண்ணீரில் கரையாத சாயம் தண்ணீருக்கா அசையும்? பயணிகள் இறங்குகிறார்களோ இல்லையோ, எல்லா நிறுத்தத்திலும் அவர் இறங்கி ஓடினார். பஸ் தாமதமானது. புகார் பறந்தது. மேலாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"காமாலையோடவா வண்டி ஓட்டுறீங்க? டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க!"

இதுவரை கண்ணை மட்டும் நிரூபித்தால் போதும் என்றிருந்தது. இப்போது ஈரலையும் நிரூபிக்க வேண்டும்.

மனைவி அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எண்ணெயில்லாமத்தானே சாப்பிட்டீங்க? இவ்வளவு மஞ்சள் ஏறாதே!"

கையோடு கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஓட்டுநரின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கண்ணு பளிச்சுனு வெள்ளையா இருக்கே! காமாலைன்னா முதல்ல இங்கதான் மஞ்சள் தெரியும். இது கேரட். தோல்ல போய்த் தங்கிடுச்சு. நிறுத்தினா தானாப் போயிடும். ஆமா, எதுல வதக்கினீங்க?"

"வெண்ணெயில" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"பார்வை எப்படி டாக்டர்?" என்று ஓட்டுநர் பேச்சை மாற்றினார்.

"எழுத்துப் பலகையில கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சீங்களே. பிரமாதம்."

"கேரட்டாலதானே?"

"முன்னாடியும் நல்லாத்தான் இருந்திருக்கும். உடம்புக்கு வேணுங்கிற அளவு வைட்டமின் இருந்தா, அதுக்கு மேல கொட்டினாலும் கண்ணு கூர்மையாகாது."

"அப்ப அந்தப் பொம்மை?"

"வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

ஓட்டுநர் மிதந்துகொண்டே வெளியே வந்தார். நாளைக்கே சாவி கையில்! ஆனால் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் தம்பிகூடச் சொன்னான், கொழுப்பு இல்லாம அந்தச் சத்து சரியா ஒட்டாதுன்னு. உனக்குத் தெரியாதா?"

"பஸ் வருது, ஏறுங்க."

ஏறினார்கள். வேறு யாரோ ஓட்டிய பஸ். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். பஸ் கிளம்பியது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே ஏன் ஒரு சொட்டு ஆகாதுன்னே?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க தேறக்கூடாதுன்னுதான். கல்யாணமானதுலேர்ந்து தினமும் ஒரே பஸ்ல போறோம். உங்க பிடரியைத் தவிர நான் என்னத்தைக் கண்டேன்? கவுன்ட்டர்ல உக்காந்தீங்கன்னா, வேலைக்குப் போறப்ப இப்படிப் பக்கத்துல உக்காந்து வருவீங்கல்ல?"