தோர்ண்டன் ஹீத்தில் பொலிவியா

உலகில் பல்கலைக்கழகங்களுக்குக் குறைவில்லை. ஒக்ஸ்போர்ட் இருக்கிறது, கேம்பிரிட்ஜ் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதனைப் பதினெட்டே நாளில் முழுப் பொலிவியனாக்கி அனுப்பும் உயர்கல்வி நிலையம் 1991ஆம் ஆண்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே இயங்கியது.

அதன் முதல் மாணவர் குகதாசன். பெற்றோல் அடிக்கும் செற்றில் ஷிப்ட் வேலை. மனைவி சிவகௌரி, வயிற்றில் பிள்ளையோடு முன்னமே போய், டொரொன்ரோவில் இருந்தாள். மூன்று வயது மகள் பிறந்ததும் அங்கேதான். குகதாசன் பிள்ளையைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறார். லண்டனில் அவருடைய அகதி விண்ணப்பம் நாலு வருடமாகப் 'பரிசீலனையில்' இருந்தது. எவ்வளவு கனிவான சொல்! அதை நினைத்து அவர் பல நாள் அழுதிருக்கிறார்.

கனடாவுக்குப் போவதற்காக, கிறிஸ்துராஜா என்ற பயண முகவர் எங்கிருந்தோ ஒரு பொலிவியக் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தார். அதிலிருந்த படத்துக்கும் குகதாசனுக்கும் மீசை அச்சொட்டாகப் பொருந்தியது.

"முகம் சரி அண்ணை. இனி அறிவுதான் வேணும்," என்று மாடிக்கு அனுப்பிவைத்தார்.

மாடியில் வைத்தியநாதன் மாஸ்ரர். ஊரில் முப்பது வருடம் சரித்திரமும் பூமிசாத்திரமும் படிப்பித்து, வகுப்பு வகுப்பாகச் சித்தியடைய வைத்த மகான். பொலிவியாவை அவர் கண்டதில்லை. காணவேண்டிய அவசியமும் இல்லை, நோட்ஸ் இருந்தது. கடந்தகால வினாத்தாள்கள் இல்லாத குறையையும், பத்து வருட வினாத்தாள்களைத் தாமே எழுதித் தீர்த்துவைத்தார்.

"பொலிவியா எப்ப சுதந்திரம் அடைஞ்சது?"

"ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைஞ்சு, சேர். ஸ்பானியரிட்டை இருந்து."

"வெள்ளி எடுத்த மலை எங்கை?"

"பொத்தோசி."

"கடல்?"

"இல்லை சேர். சிலிக்காரன் சண்டை பிடிச்சுப் பறிச்சுப்போட்டான்."

"கடற்படை?"

"இருக்கு சேர்."

"கடல் இல்லாத நாட்டுக்குக் கடற்படை ஏன்?"

இதற்கு நோட்ஸில் விடை இல்லை. குகதாசன் சொந்தமாகவே ஒன்றைச் சொன்னார். "ஒரு நாளைக்குக் கடல் திரும்பக் கிடைக்கும் எண்டுதான், சேர்."

மாஸ்ரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அஞ்சுக்கு அஞ்சு புள்ளி," என்றார்.

பதினான்காவது வினா, பொலிவியாவின் அரசகரும மொழி யாது என்பது. "ஸ்பானிஷ், சேர்" என்று குகதாசன் சொன்னதும், "அட்சரசுத்தம்!" என்று மாஸ்ரர் மேசையில் தட்டினார். அந்த மொழியில் ஒரு சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற அற்ப எண்ணம் இருவருக்குமே வரவில்லை. மொழி வேறு பாடம். அதற்கு வேறு வாத்தியார்.

விமான நிலையத்தில் இருந்த அதிகாரி ஒரு பெண். கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, புன்னகையோடு ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். அது எந்தப் பாஷை என்பது குகதாசனுக்கு உடனே விளங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி ஆங்கிலத்தில் விடையளித்தார்.

"எங்கள் நாட்டின் அரசகரும மொழி ஸ்பானிஷ்."

அதிகாரி மறுபடியும் ஸ்பானிஷில் கேட்டார்.

"தலைநகரம் இரண்டு," என்றார் குகதாசன். "எது வேண்டும்?"

விமானம் அவர் இல்லாமலே டொரொன்ரோவுக்குப் போனது. உள்ளறையில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: தான் யாழ்ப்பாணத்தவன், பெண்சாதி பிள்ளையிடம் போகத்தான் இவ்வளவும். அதிகாரி மரியாதையோடு கேட்டுக்கொண்டு, மேசை இலாச்சியிலிருந்து ஒரு கையேட்டை எடுத்தார். ஒருவர் யாழ்ப்பாணத்தவர்தானா என்று கண்டறியும் வினாக்கள் அதில் இருந்தன.

"யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது யார்?"

பதினெட்டு நாள் பயிற்சி வீண்போகவில்லை. "சிலி," என்றது குகதாசனின் வாய்.

அந்தக் கோட்டையிலிருந்து இராணுவம் அடித்த ஷெல் விழுந்துதான் அவருடைய வீடு போனது. உள்ளே படுத்திருந்த தமையனும் போனார். எத்தனை மணிக்கு என்றுகூட அவரால் சொல்ல ஏலும். கையேட்டில் அந்தக் கேள்வி இல்லை.

'எந்த நாட்டவர் என்பது நிரூபிக்கப்படவில்லை' என்று கோப்பில் எழுதி, மூன்று மாதத்தில் மீண்டும் வரச்சொன்னார்கள்.

"என்னவாம்?" என்று தொலைபேசியில் கேட்டாள் சிவகௌரி.

"நான் யாழ்ப்பாணத்தான் எண்டதுக்கு ஆதாரம் காணாதாம்."

"இஞ்சை உங்கடை மகளும் அப்பா இருக்கிறார் எண்டதுக்கு ஆதாரம் கேக்கிறாள்," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மாஸ்ரர் சோர்ந்துபோகும் ஆள் இல்லை. கிறிஸ்துராஜா எங்கிருந்தோ அந்தக் கையேட்டின் பிரதியைக் கொண்டுவந்து கொடுக்க, மறுநாளே கரும்பலகையைத் துடைத்து, 'யாழ்ப்பாணம்: சரித்திரமும் பூமிசாத்திரமும். யாழ்ப்பாணத்தவருக்கு மட்டும்' என்று புதிய தலைப்பை எழுதினார். ஒரே கிழமையில் இருபத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். குகதாசன் முன்வரிசையில் இருந்தார்.

"கோட்டையைப் பிடிச்சது ஆர்?"

"ஒல்லாந்தர், சேர். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டு."

"திறம். எழுதும்."

குகதாசன் எழுதினார். பிறகு கையை உயர்த்தினார்.

"சேர், ஷெல் விழுந்து அண்ணை செத்ததையும் இதிலை எழுதலாமோ?"

மாஸ்ரர் கையேட்டின் பிரதியை ஒருமுறை கவனமாகப் புரட்டிப் பார்த்தார்.

"அதை எழுதி நேரத்தை வீணாக்காதையும், தம்பி. அதுக்குப் புள்ளி இல்லை."