மாமாவுக்குத் தலையணை வேண்டாமாம்

பெருமதிப்பிற்குரிய சகலை டாக்டர் அவர்களுக்கு,

மெத்தைக்கடைக்காரன் மிகுந்த பணிவுடன், உட்கார முடியாததால் நின்றுகொண்டே எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே அக்காவும் தாங்களும் தங்கள் ஆஸ்பத்திரியும், முக்கியமாகத் தாங்கள் படுக்கும் கட்டிலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

மாப்பிள்ளை நண்பர்களோடு மலையேறுகிறவர் என்பது தங்களுக்குத் தெரியும். போன மாதம் என்னையும் தங்கள் கொழுந்தியாளையும் கூட்டிக்கொண்டு போனார். முதுகில் சுமப்பது லேசாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்காகச் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தார். பல் தேய்க்கும் பிரஷ்களின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்துவிட்டார். கடைசியில் என் பஞ்சுத் தலையணையைத் தராசில் வைத்து, பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "இது வேணாம் மாமா. மாத்துச் சட்டையை ஒரு பையில அடைச்சுத் தலைக்கு வச்சுக்கலாம்" என்றார். வாழ்நாளெல்லாம் கடையில் உட்கார்ந்து, "எதுல வேணா சிக்கனம் பாருங்க சார், படுக்கையில மட்டும் பாக்காதீங்க" என்று ஊருக்கே உபதேசம் செய்த இந்த வாய், "அதுக்கென்ன மாப்பிள்ளை, தாராளமா" என்றது.

முதல் ராத்திரி காற்று மெத்தை. கண்முழி பிதுங்க ஊதினேன். கூடாரம் போட்ட இடம் சரிவு, மெத்தையோ வழவழவென்று இருந்தது. புரண்டால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், புரளாவிட்டால் வழுக்கல். விடியும்போது முழங்கால் முகவாயில் இடிக்க, கூடாரத்தின் கால்மாட்டில் மூட்டையாகக் கிடந்தேன். மாப்பிள்ளை டீயை நீட்டி, "நல்லாத் தூங்கினீங்களா மாமா?" என்று கேட்டார். மாப்பிள்ளை கேட்கிறபோது வேறு என்ன சொல்வது சகலை? "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்றேன். என் பக்கத்தில் இருந்தவள் கொஞ்சமும் கூசாமல், "எனக்கு முதுகெல்லாம் வலிக்குது மாப்பிள்ளை" என்றாள். அவ்வளவுதான், என் மெத்தையையும் பிடுங்கி அவள் மெத்தைக்குக் கீழே போட்டுவிட்டார். எனக்கு, நாம் பீரோவைச் சுற்றி லாரியில் ஏற்றுவோமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய நுரைத் தாள் கிடைத்தது.

இரண்டாம் ராத்திரி, இடுப்பெலும்பு தரையில் குத்தாமலிருக்க, மண்ணில் சின்னதாக ஒரு பள்ளம் பறித்து அதில் இடுப்பை இறக்கிப் படுக்க வேண்டுமாம். மாப்பிள்ளையே மண்டியிட்டுப் பறித்துக் கொடுத்தார். நான் தூக்கத்தில், அதாவது தூங்காத தூக்கத்தில், நகர்ந்துவிட்டேன். பள்ளம் தோளுக்கும், தோண்டிப் போட்ட கல்லெல்லாம் இடுப்புக்கும் வந்து சேர்ந்தன. குளிருக்கு, பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தூக்கப்பைக்குள் காலடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மூடியைச் சரியாகத் திருகாதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். வெந்நீர் பையெல்லாம் பரவி, கொஞ்ச நேரத்தில் பச்சைத் தண்ணீராகி, ஜிப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் நான் உள்ளே தவித்த தவிப்பு எதிரிக்கும் வேண்டாம். காலையில் மறுபடியும் டீ, மறுபடியும் அதே கேள்வி. "இதமா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றேன் பல் கிடுகிடுக்க.

"வாயைத் திறந்து சொன்னா என்ன, முத்தா கொட்டிடும்?" என்று தங்கள் கொழுந்தியாள் கேட்கிறாள். எப்படிச் சொல்வேன்? கல்யாணமான நாளிலிருந்து, "வாங்க", "சாப்பிட்டீங்களா" தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர், மலையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலை, பயம், செத்துப்போன தன் அப்பா என்று மனசுவிட்டுப் பேசினார். அந்த மனிதரிடம் உன் படுக்கை படுக்கையே இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது தலைக்குமேல் வெள்ளம். அடுத்த மாதம் இன்னும் பெரிய மலையாம். கூடாரம்கூட இல்லை, நாலு மூலையில் கயிறு கட்டிய ஒரு துணிதான். "எங்க மாமாவுக்கு ஒண்ணுமே வேணாம், பாறை மேலயே தூங்கிடுவார்" என்று குழு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வெறுந்தரையில் சுகமாகத் தூங்குவது எப்படி என்று நான் அவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டுமாம்! நான் திரும்பி வருவேன் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை சகலை.

தாங்கள் எலும்பு டாக்டர். தங்கள் பேச்சை மாப்பிள்ளை தட்டமாட்டார். ஒரு போன் போட்டு எனக்கு ஏதாவது ஒரு வியாதி கொடுத்துவிடுங்கள். அவர் மனசு கஷ்டப்படாத அளவுக்குச் சின்னதாக, ஆனால் மெத்தையை விட்டு இறங்கக்கூடாத அளவுக்குப் பெரியதாக. காலமெல்லாம் கடமைப்பட்டிருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் எல்லோரும் கைகாலை நீட்டிப் படுத்து, நிம்மதியாகத் தூங்கி, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன சகலை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மாப்பிள்ளை வந்துவிட்டார். "யாருக்கு மாமா லெட்டர்?" என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "டாக்டர் சகலைக்குத்தான் மாப்பிள்ளை. அவரும் மலைக்கு வரணும்னு துடியாத் துடிக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். அங்கேயே போனை எடுத்துத் தங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார். ஆகையால் மேலே கேட்ட வியாதி எதுவும் வேண்டாம். கிளம்பி வாருங்கள். வரும்போது சட்டைக்குள் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு வாருங்கள். தங்கள் தொப்பையை யாரும் தராசில் வைக்கமாட்டார்கள். ராத்திரி ஆளுக்குப் பாதி.