தத்சு என்றால் தத்து அல்ல

அணுபுரம்,
நவம்பர் 2000

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கலையரசன் அவர்களுக்கு லட்சுமணன் வணங்கி எழுதுவது. இங்கே என் மகள் பிரதீபாவும் நம் பேரனும் நலம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் என்மேல் உள்ள கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

"எங்க நைனா கண்ணாயிரம் பேரு வெக்கலன்னா, கருங்குழிய வுட்டு நகரமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை பெயர் சூட்டுகிறோம். நீங்கள் இல்லாமல் எப்படி? கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, அதுவும் டிராகன் ஆண்டில் பிறந்தவன் என்று, ஜப்பானில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பிய உங்கள் மகன் 'தத்சு' என்ற பெயரைப் பிடித்திருக்கிறார். அந்த ஊர் மொழியில் அது டிராகன். என்ன மூளை சம்பந்தி! சாப்பிட்டுக்கொண்டே உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறார். சீனத்தில் லுங் (போனில் "லுங்கியா?" என்று கத்தினீர்களே, அது இதுதான்), பாரசீகத்தில் அஜ்தஹா, வேல்ஸ்காரர்களுக்கு டிரைக். நான் வாயைப் பிளந்துகொண்டு மோரை இலைக்கு வெளியே ஊற்றினேன்.

ஆனால் ஊர் வாய் இருக்கிறதே! பால் ஊற்றும் சம்பூர்ணம் பெயரைக் கேட்டதும், "இன்னா சார், தத்தா? பெத்த புள்ளன்னு சொல்லிகினு இருந்தீங்களே!" என்று கேட்டுவிட்டாள். பிரதீபா ஒரே அழுகை. ஜோசியரிடம் போனால் அவருக்கும் 'தத்து' என்றே காதில் விழுந்து (ஜாதகத்தில் தத்து என்றால் உயிராபத்தாம்), "எந்த வயசுல கண்டம்?" என்று பரிகாரம் சொல்லத் தொடங்கிவிட்டார். சரி, டிராகன் என்றால் என்னவென்று நாலு பேருக்குக் காட்டலாமென்று மாமல்லபுரம் சிற்பக் கூடத்துக்குப் போனேன். "டிராகன்லாம் இல்ல அண்ணாத்த, யாளி கீது. நாக்க நீட்டி நெருப்பாக்கித் தரட்டா?" என்றார்கள். பயந்துபோய் பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது முக்கியமான சேதி. டிராகன் என்பதே கிரேக்கச் சொல்லாம். பார்ப்பது என்ற வேரிலிருந்து வந்தது, கூர்ந்து பார்ப்பவன் என்று பொருள் சொல்கிறார்களாம். மாப்பிள்ளை சொன்னதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. கூர்ந்து பார்ப்பவன் தமிழில் யார்? கண்ணாயிரம்தானே! உங்கள் மகன் தாத்தா பெயரைத்தான் ஜப்பான் வழியாகக் கொண்டு வந்திருக்கிறார். கோபத்தை விட்டு அவசியம் வாருங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. சம்பந்தியம்மாளுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
லட்சுமணன்

பி.கு.: மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டு, "அப்ப கண்ணாயிரம்னே வெச்சிடலாம் மாமா" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கண்ணாயிரம் என்று கூப்பிட்டால் பிள்ளை சுவரைப் பார்க்கிறான். தத்சு என்றால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். தயவுசெய்து வந்து, உங்கள் நைனா பெயர் கூடவே கூடாது என்று ஒரு சத்தம் போடுங்கள்.