மூன்று பீரிஸ் நெல்

அந்த நெல் முளைக்கவில்லை என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அது என் பிழை என்பதைத்தான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இனியும் மாட்டேன்.

அப்போது நான் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கந்தோரில் கிளாக்கர். பிறந்தது கல்லடியில், கல்யாணம் முடித்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வயலும் மாடும் நிறைந்த ஒரு போடியாரின் மகளை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். எல்லாரும் வேட்டி கட்டிய அந்த வீட்டில் காற்சட்டை போட்ட ஒரே பிறவி நான். நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கடைசியில் சோறாக வரும் என்பதுதான். (அதையும் மீன் கறி வந்த பிறகுதான் கவனிப்பேன்.)

ஏழு வயது மகள் பூமணியிடம், ஏதாவதொரு விதையை முளைக்க வைத்துக் கொண்டுவரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மாமனார் கேட்டுவிட்டு, "வா புள்ள, நான் காட்டித் தாறன்" என்றார்.

"இது வேளாண்மை இல்ல மாமா, விஞ்ஞானம். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிஸ்கள் மூன்றில் பஞ்சு விரித்தேன். மனைவி சமைக்கும் குசினிக்குப் பின்னால் பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பூமணியும் நானும் ஒரு கை அள்ளினோம். ஒரு பீரிஸ் தண்ணீரோடு யன்னலில், ஒன்று தண்ணீரோடு அலுமாரிக்குள், ஒன்று தண்ணீரே இல்லாமல். பிறகு அவளுடைய கொப்பியில், மூன்றாம் நாள் வேர், ஐந்தாம் நாள் இலை என்று முடிவையும் எழுதிக் கொடுத்தேன். (கந்தோரிலும் பதிலை எழுதிய பிறகுதான் கடிதத்தைப் படிப்போம்.)

ஏழாம் நாளும் ஒன்றுமில்லை. புளித்த மணம் மட்டும் வந்தது. அலுமாரிக்குள் தொங்கிய என் கோட்டும் அந்த மணத்தோடுதான் கந்தோருக்குப் போய் வந்தது.

"ஆரில பிழை அப்பா?" என்றாள் பூமணி.

"நெல்லில."

"அம்மப்பாட நெல்லு பழுதா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மழைக்கு முந்திய விதைப்புக் காலம் அது. அன்று காலை வாசலில் ஐந்து பேர் சாக்குகளோடு விதை நெல்லுக்கு நின்றார்கள். மாமனாரின் விதை என்றால் அந்த வயல் வட்டை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். அவர் மரைக்காலால் அளக்கத் தொடங்கும்போது நான் பீரிஸோடு போய் நின்றேன்.

"நிப்பாட்டுங்க மாமா. உங்கட விதை நெல்லு செத்துப் போச்சு."

அளந்த கை அப்படியே நின்றது. ஒருவர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு, "அப்ப நாங்க வேற இடம் பாக்கட்டா போடியார்?" என்று கேட்டார். மாமனாருக்கு முகம் கறுத்துவிட்டது. நாற்பது வருடமாகக் காத்த பெயர். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்ன பெருமை அந்தக் கவலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

என் மனைவி குசினியிலிருந்து வந்து பீரிஸை மணந்து பார்த்தாள். "இந்த நெல்ல எங்க எடுத்தீங்க?"

பூமணி முன்னால் நடந்தாள். சாக்குக்காரர்கள் உட்பட எல்லோரும் பின்னால் போனோம். குசினிக்குப் பின்னால் அதே பாய். பக்கத்து அடுப்பில் பெரிய பானை நிறைய நெல் அவிந்துகொண்டிருந்தது. மாமனார் பாயில் ஒரு மணியை எடுத்து உரித்துப் பார்த்தார்.

"மருமகன், இது அவிச்ச நெல்லு. சோத்துக்குக் காய வெச்சது."

சாக்கைச் சுருட்டியவர் அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவர் மாமனார். போன உயிர் திரும்பி வந்த மனிதர், சிரிக்கட்டும்.

"அவிச்ச நெல்லெண்டு பாயில எழுதி வெச்சா என்ன மாமா?" என்றேன். நியாயமான கேள்வி.

பூமணி மட்டும் சிரிக்கவில்லை. மரைக்காலில் இருந்து ஒரு பிடி நெல் எடுத்து வந்து, "மறுகா வெச்சுப் பாப்பம் அப்பா" என்றாள். மூன்றாம் நாள் வேர் வந்தது. (நான் எழுதிய அதே மூன்றாம் நாள், இதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.) முளைத்ததையும் முளைக்காததையும் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

அந்த ஊரில் நடக்காத காரியத்துக்கு இன்றும் ஒரு பேச்சு உண்டு: "போடியார்ட மருமகன்ட நெல்லு முளைக்கட்டும், பாப்பம்." கல்யாண வீடுகளில் என் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். தாராளமாகச் சொல்லட்டும். பூமணியின் கொப்பி என்னிடம் இருக்கிறது. என் முடிவை வெட்டிவிட்டு, அதன் கீழே அவள் எழுதியிருக்கிறாள்: "அவிச்ச நெல் முளைக்காது. இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் அப்பா." பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் 'சரி' போட்டிருக்கிறார்.