திருப்புளியார் கணினிமேல் படையெடுத்த வரலாறு

எழுக, பெருந்தகையே! உடைந்த பொருள்களின் காவலரே, உடையாத பொருள்களின் ஒரே அச்சமே, கைப்பிடி நைந்த திருப்புளியை இடுப்பில் செருகி இரண்டாம் மாடியை ஆளும் ஏந்தலே, அக்கம்பக்கத்தார் அன்போடும் கொஞ்சம் கிலியோடும் ‘திருப்புளியார்’ என்றழைக்கும் வீரத்திருமகனே, உம் புகழ் பாடப் புகுந்தோம்! மிக்சியைப் பழுதுபார்க்கப் போய் மின்விசிறியையும் சேர்த்துச் சாய்த்த பழைய போரை இங்கே பாடப்போவதில்லை. அதற்குத் தனிக் காவியம் வேண்டும்.

முன்னொரு காலத்தில் கட்டட வரைபடம் வரைந்து பெயரெடுத்து, பின் பிள்ளை வளர்ப்பிலும் அடுப்படியிலும் எட்டாண்டு அடைபட்டுக் கிடந்த அவர்தம் மனைவி, மீண்டும் வேலைக்குப் போகத் துணிந்தாள். ஒரு வீட்டின் வரைபடத்தை மாலை நான்கு மணிக்குள் அனுப்பினால் வேலை, இல்லையேல் இல்லை என்று அலுவலகத்தார் கறாராய்ச் சொல்லிவிட்டனர். வரைந்தாள், சுவர் எழுந்தது, சன்னல் திறந்தது, படிக்கட்டு பாதி ஏறியது. அந்தோ! திரை இருண்டது. மேசையடியில் இருந்த கணினிப் பெட்டி தானே அணைந்து, தானே எழுந்து, ஒன்றுமறியாப் பச்சைப்பிள்ளைபோல் நல்வரவு கூறி நின்றது. மறுபடி வரைந்தாள், மறுபடி இருண்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“தம்பிக்கு ஒரு போன் போடட்டுமாங்க? கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே அவன் தொழிலே” என்றாள்.

சிங்கம் சிலிர்த்தது. “என் மச்சான் வந்து என் வீட்டுப் பெட்டியைத் தொடுறதா? நான் உசுரோட இருக்கும்போதா? தள்ளு! இதெல்லாம் எனக்குச் சுண்டைக்காய்!”

அப்பெட்டி அணிந்திருந்த கவசத்தை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். மிஞ்சிய திரைச்சீலைத் துணியில், தையல்காரரின் தலைமேல் ஏறி நின்று, ஓரத்தில் சுருக்கெல்லாம் வைத்து அண்ணல் தைப்பித்த பூப்போட்ட உறை அது. தூசு என்ன, காற்றே உள்ளே நுழைய அஞ்சும். ஓடும்போதும் அதைக் கழற்றக் கூடாது என்பது அவ்வீட்டுச் சட்டம்.

அவ்வுறையைப் பட்டாடைபோல் மடித்து வைத்துவிட்டு, பக்கத் தகட்டைப் பிளந்து, நெஞ்சு புடைக்க மூச்சிழுத்து, பகைவனாம் தூசின்மேல் ஊதினார் நம்மவர். பகைவன் முழுவதும் அவர் கண்ணிலேயே குடியேறினான். ஒற்றைக் கண்ணால் போரைத் தொடர்ந்தவர், நினைவகப் பட்டையைப் பிடுங்கி, பிள்ளையின் ரப்பரால் தேய்த்துச் செருகி, பெட்டியை இயக்கி, கைகட்டி முறைத்தார். அதுவும் அடக்க ஒடுக்கமாய் ஓடியது. உடனே தகட்டை மூடி, உறையை மாட்டி, சுருக்கையும் நீவிவிட்டு, “முடிஞ்சுது கதை! உக்காந்து வேலையைப் பாரு!” என்று முழங்கினார். அவள் உட்கார்ந்தாள். படிக்கட்டு பாதி ஏறியதும் திரை இருண்டது.

கழற்றினார், ஊதினார், தேய்த்தார், வென்றார், உறை மாட்டினார், தோற்றார். தோல்விதோறும் ஒரு குற்றவாளி பிடிபட்டான்: மின்வாரியம், சுட்டெலி, பிள்ளை பார்த்த பொம்மைப்படம். எல்லாம் தீர்ந்தபின், “நீதான் ரொம்ப வேகமாத் தட்டுற” என்றும் ஒரு தீர்ப்பு வந்தது. கடைசியில் மின்கம்பியே துரோகி என்று கண்டறிந்து, “நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே!” என ஆணையிட்டுக் கடைவீதி நோக்கிப் புறப்பட்டார்.

அவள் சோர்ந்துபோய்ப் பெட்டிமேல் கையை ஊன்றினாள். “அம்மாடி! இப்படிக் கொதிக்குதே!” என்று கையை உதறியவள், அந்த உறையை உருவிக் கட்டிலுக்கடியில் எறிந்தாள். சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் அமர்ந்தாள். சுவர் எழுந்தது. படிக்கட்டு முழுதாய் ஏறி மாடியைத் தொட்டது. நான்கு மணி நெருங்க, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். கோப்பு ஆமையாய் நகரத் தொடங்கியது.

அந்நேரம் பார்த்து, புதுக் கம்பியை மாலையாய்த் தோளில் சூடி, திருப்புளியார் உள்ளே பாய்ந்தார். “நகரு, நகரு! முதல்ல பழசைப் பிடுங்கணும்!” என்று குனிந்து சுவர்ச் செருகியைப் பற்றினார்.

“தொட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும் சேதி!”

எட்டாண்டில் அப்படியொரு குரலை அவ்வீடு கேட்டதில்லை. மாவீரர் குனிந்தபடியே சிலையானார். கோப்பு போய்ச் சேர்ந்தது என்று திரை சொல்லும்வரை அவர் மூச்சுவிட்டதாகவும் தெரியவில்லை. பிறகுதான் கம்பி மாற்ற அவருக்கு அனுமதி கிடைத்தது. மாற்றிய கையோடு மச்சானைத் தொலைபேசியில் அழைத்தார். “ஒயர்தாண்டா மாப்பிள்ளை! ஒரே பார்வையில கண்டுபிடிச்சேன்! வேணும்னா உங்க அக்காவையே கேளு!” என்று ஊரதிரச் செய்த வெற்றிப் பிரகடனத்துக்கு, “ஆமா, ஒயர்தான்” என்று அவளும் பெருந்தன்மையோடு சாட்சி சொன்னாள்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வேலைக்குப் போகிறாள், மத்தியானம் அவரே போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறார்.