அறுபதுக்குக் குறையாத இதயம்

மனித இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்க வேண்டும் என்ற மாபெரும் கேள்விக்கு உலகத்து வைத்தியர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்த 1991ஆம் வருஷத்தில், முடிவான தீர்ப்பு வழங்கிய பெருமை பென்னலூர் பக்கத்து நட்டு போல்ட்டு கம்பெனி ஒன்றையே சேரும். தீர்ப்புக்குத் தன் நெஞ்சையே காணிக்கையாக்கிய புண்ணியவான், எழிலரசன்.

வல்லக்கோட்டையிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வருகிற ‘டெம்ப்ரவரி’ அவன். சேர்ந்த நாளிலிருந்தே டெம்ப்ரவரி. பெர்மனென்ட் ஆவதற்கு ஒரே ஒரு கண்டம்தான் பாக்கி: மெடிக்கல். துணைக்குத் தாய்மாமன் ரத்தினத்தைக் கூட்டிவந்திருந்தான். மாமன் வாலாஜாபாத் பக்கம் மாட்டுத் தரகர். முதலில் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கம்பெனி டாக்டர் இராமச்சந்திரன் எழிலரசனின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“நாப்பத்தெட்டு.”

“கட்டாது சார்” என்றார் மாமன்.

“என்னய்யா கட்டாது? துடிப்பு நாப்பத்தெட்டு. அறுபதாவது இருக்கணும்.”

“பையன் வெறும் வவுறு சார். அம்பத்தஞ்சு போட்டுக்கங்க. உங்களுக்கும் வாணாம், எனக்கும் வாணாம்.”

டாக்டர் பதில் பேசாமல் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். மாமனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை. துண்டைப் போட்டு மூடி, அதனடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். தோள் துண்டை டாக்டர் கைமேல் போட்டார். உள்ளே கைவிட்டு அவர் விரல்களை ஓர் அழுத்து அழுத்தினார். அந்த அறையில் அப்போது தாறுமாறாகத் துடித்தது டாக்டரின் இதயம் ஒன்றுதான்.

“யோவ்! கைய எடுய்யா!”

“மாமா, மானத்த வாங்காத! கம்முனு குந்து” என்று கெஞ்சினான் எழிலரசன்.

டாக்டர் நல்லவர். மூச்சு வாங்குமா, மயக்கம் வருமா என்று கேட்டார். எதுவும் இல்லை. சைக்கிள் மிதிப்பதைச் சொன்னதும் முகம் மலர்ந்தார்.

“அட, இது ஓட்டப்பந்தயக்காரன் இதயம்டா! ஒரே அடியில நிறைய ரத்தம் தள்ளுது. உனக்கு இது நல்லதுதான்.”

ஆனால் ஒரு தனிமனிதர் நல்லது என்று சொல்லிவிட்டால் நல்லதாகிவிடுமா? பர்சனல் ஆபீசர் வரதராஜன் வந்து, சீட்டில் டாக்டர் குறித்திருந்த நாற்பத்தெட்டைப் பார்த்தார்.

“டாக்டர், லைன்ல ஒரு மெஷின் டார்கெட்டுக்குக் கீழ ஓடினா அத ‘பலமான மெஷின்’னா சொல்றோம்? நிமிஷத்துக்கு அறுபது. இவன் பன்னெண்டு ஷார்ட்டேஜ்.”

“இதயம் மெஷின் இல்ல சார்.”

“அதான் சர்வீஸ் பண்ண முடியல” என்றவர் எழிலரசனிடம் திரும்பினார். “தம்பி, உன் பெர்மனென்ட் கேன்சல். நாளைலேர்ந்து வேலையும் சந்தேகம்தான்.”

எழிலரசனுக்குக் காது அடைத்தது. வீட்டு அடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. டாக்டர் பதறிப்போய் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எண்பத்திரண்டு!”

“பாத்தீங்களா, நார்மல்!” வரதராஜன் புல்லரித்துப்போனார். “மருந்து மாத்திரை ஒண்ணுமில்லாம!”

“அப்ப பெர்மனென்ட் போட்டுடுங்க சாமி. நீங்க கேட்டதுக்கு மேலயே கீது” என்று மாமன் மடக்கினார்.

நியாயம் நியாயம்தானே. “சரி, போட்டுடறேன்” என்றார் வரதராஜன். எழிலரசன் நாற்காலியில் சாய்ந்தான். அரைக்கண் மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டான். டாக்டர் தயங்கித் தயங்கி மறுபடி எண்ணினார்.

“நாப்பத்தெட்டு.”

வரதராஜன் வருத்தத்துடன் தலையாட்டினார். பெர்மனென்ட் என்கிற சொல் ஒரு வாலிபனின் உடம்பை இப்படிக் கெடுக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. ‘தொழிலாளியின் ஆரோக்கியம் கருதி’ எழிலரசன் டெம்ப்ரவரியாகவே நீடிப்பார் என்று அன்றைக்கே உத்தரவானது. அவன் ஒருவன் மட்டும் சுகப்பட்டால் போதுமா? அடுத்த மாதமே இந்த வைத்தியம் கம்பெனி முழுக்க விரிவுபடுத்தப்பட்டது.

பலன் கைமேல். இன்று அங்கே ஷிப்டுக்கு ஷிப்டு எண்பது, தொண்ணூறு என்று ஆரோக்கியம் கொழிக்கிறது. முதலாளிக்கு மட்டும்தான் இன்னும் ஐம்பதுக்குக் கீழேயே நிற்கிறதாம். பாவம், அவருக்கு வைத்தியமே கிடையாது. நாளைக்கு வேலை இல்லை என்று அவரிடம் சொல்ல ஆளில்லை.